சாப்பிட்டே சேர்த்த பணம்

கொடுங்கள் சார், படித்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் துண்டுத்தாள் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் மூலத்துக்கு மருந்து விற்பார்கள். நீங்கள் பரவாயில்லை, சேமிப்புக்குக் கொடுக்கிறீர்கள். மேலே உண்டியல் படம். கீழே ஒரு வட்டத்தை மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். தேவைக்கு ஒரு துண்டு, ஆசைக்கு ஒரு துண்டு, சேமிப்புக்கு ஒரு துண்டு. வங்கியிலேயே சம்பளம் கொடுத்து இதைச் சொல்லச் சொல்கிறார்களா? நல்ல வேலை சார். ஆனால் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். வட்டத்தை வெட்டாமலே சேர்த்தவன் நான். ஆசைக்குப் போகிற அதே ரூபாய் எனக்குச் சேமிப்பிலும் ஏறியது. இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

என் பெயர் அறிவரசன். வயது பத்தொன்பது. பேராவூரணியில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறேன். போன் பார்ப்பது கைத்தொழில், குரல் பிடிப்பது பிறவித்தொழில். ஒரு தடவை கேட்டால் போதும். இந்தக் கண்டக்டர் 'உள்ள போ, உள்ள போ' என்று பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் சொல்கிறார் பாருங்கள், அதை நான் செய்தால் ஜனங்கள் நிஜமாகவே உள்ளே நகரும். போன வாரம் செய்து பார்த்தேன். பஸ் நிற்காத இடத்தில் நின்றுவிட்டது. இன்றைக்கு வேண்டாம், கூட ஆள் இருக்கிறது.

உங்களுக்கு எந்த ஊர்? திருச்சியா? அப்படியானால் மொய் விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பார்த்திருக்கமாட்டீர்கள். எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் கல்யாணமும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம், சும்மாவே விருந்து வைப்பார்கள். பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவார். கிடாய்க்கறிச் சோறு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மேசைக்குப் போய் மொய் எழுத வேண்டும். ஐநூறோ ஐயாயிரமோ, அவர் நோட்டில் ஏறும். நீங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். நாளைக்கு நீங்கள் விருந்து வைத்தால் அவர் அதைத் திருப்பி எழுதுவார், மேலே கொஞ்சம் சேர்த்து. வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. இருந்தாலும் பணம் வந்துவிடும். வராவிட்டால் அந்த ஆள் தலை நிமிர்ந்து டீக்கடைக்குப் போக முடியாது.

எனக்கு இதை ஒரு சேமிப்பு என்று சொல்லிக் கொடுத்தது என் அப்பாதான். வைரக்கண்ணு என்று பெயர். புளியங்கரம்பையில் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு என்றால், புயலுக்கு முன்னால் தோப்பு. இப்போது கன்று.

முதல் சம்பளம் ஒன்பதாயிரம். அப்போது எனக்குப் பதினேழு. பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதே ஒரு பயம், அப்பா கேட்பார் என்று. ஊரில் எல்லா அப்பாவும் கேட்கிறார்கள். கேட்டால் என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் நாலு விதமாகப் பேசிப் பார்த்தேன். அவர் பணத்தைத் தொடவே இல்லை சார். பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பேசினார். கேளுங்கள், இதுதான் அந்தக் குரல், அடிவயிற்றிலிருந்து, மெதுவாக:

"உன் சம்பளம் உன்னோடதுப்பா. எனக்கு ஒரு பைசா வேணாம். ஆனா காத்துல விட்டுடாத. மொய்யாப் போடு. தின்ன மாதிரியும் ஆச்சு, சேத்த மாதிரியும் ஆச்சு."

எந்த அப்பா இப்படிச் சொல்லுவார்? அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள், அப்பா திரும்பிப் பார்த்ததும் பருப்பு கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அதோடு விடவில்லை அப்பா. பட்டியல் போட்டுக் கொடுத்தார். எந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு விருந்து, எவ்வளவு போட வேண்டும் என்று. அதுதான் நான் வியந்த இடம். ஒரு வீட்டுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது என்பார். இன்னொரு வீட்டுக்கு இரண்டாயிரத்து நூறு. அதே தெருவில் மூன்றாவது வீட்டுக்குப் போகவே வேண்டாம் என்பார். ஏன் என்று கேட்டால், அங்கே போட்டு என்ன ஆகப்போகிறது என்பார். உங்கள் வங்கியில் எந்தக் கம்பெனிப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று சொல்ல ஒருத்தர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பாரே, என் அப்பா வேட்டியில் அந்த மாதிரி. ரூபாய் சுத்தமாக, நோட்டைக்கூடப் பார்க்காமல் சொன்னார். மனப்பாடம்.

அவர் மட்டும் வரமாட்டார். முழங்கால் வலி. மற்ற நாளெல்லாம் கன்றுக்கு இரண்டு கையிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோப்பை எட்டு சுற்று சுற்றுவார். விருந்து என்று பத்திரிகை வந்தால் மட்டும் அந்த முழங்கால் எப்படியோ படித்துவிடும். "நீ போயிட்டு வாய்யா, நம்ம வீட்டுல ஒருத்தர் போனாப் போதும்" என்பார். எனக்கென்ன, அவர் பங்குக் கறியையும் நானே சாப்பிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் சேமிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது சார். முதல் ஆடி, ஆவணியில் மட்டும் இருபத்திரண்டு விருந்து. இலையில் சோற்றை மலையாகக் குவித்து, நடுவில் குழி வெட்டி, வாளியோடு கறிக்குழம்பை ஊற்றுவார்கள். எலும்புத் துண்டு கேட்டால் எலும்பு, ஈரல் கேட்டால் ஈரல். பரிமாறுகிறவன் உள்ளூர்க்காரன் என்றால் அவன் மாமா குரலில் 'இந்த இலைக்கு இன்னும் ரெண்டு போடுடா' என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல் போடுவேன். திரும்பிப் பார்க்காமல் போட்டுவிடுவான். ஒரு விருந்தில் மைக்கில் மொய் வாசிக்கிறவர் வெற்றிலை போட எழுந்து போனார். அந்த இடைவெளியில் நான் போய் அவர் குரலிலேயே, 'மொய் எழுதாத உறவினர்கள் எழுதிவிட்டுத்தான் பந்திக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று அறிவித்துவிட்டேன். பந்தியில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கை கழுவாமலே மேசையில் நின்றார். வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம். என்னைத் தேடி அடிக்க வந்தவர், கடைசியில் ஒரு தூக்குவாளிக் கறி கொடுத்து அனுப்பினார்.

ஆடி, ஆவணி போனால் என்ன, கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று வருஷம் பூராவும் பந்திதான். நீல அட்டை போட்ட நீள நோட்டு வாங்கி ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். தின்றதும் நான், சேர்த்ததும் நான்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் திருமேனி என்று ஒருத்தன். எனக்கு ஒரு வயது மூத்தவன். அவன்தான் உங்கள் துண்டுத்தாளுக்குப் பிறந்தவன். வங்கியில் மாதாமாதம் கட்டுகிற கணக்கு வைத்திருந்தான். ஒரு சினிமா கிடையாது, ஒரு பரோட்டா கிடையாது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் புளிச்சோறு, ஓரத்தில் ஒரு வத்தல். வாழ்க்கையை எப்போதடா வாழ்வாய் என்று கேட்டால், கூச்சத்தோடு சிரித்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குச் சைக்கிளில் போவேன், ரொம்ப நல்லாருக்கும்" என்றான். அதற்கு எவ்வளவு செலவு என்றேன். சுண்டல் பத்து ரூபாய் என்றான். சார், அந்தச் சுண்டலைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, இவ்வளவு ஏமாளியாக ஒருத்தன் இருப்பானா என்று.

அவனை ஒரு நாள் போனில் பிடித்தேன். வங்கி மேனேஜர் குரல். 'மிஸ்டர் திருமேனி, உங்கள் கணக்கில் ஒரு சிக்கல், உடனே வந்து பாருங்கள்.' அவன் கடையை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினான். நாங்கள் இங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அங்கே மேனேஜர் பாவம் நல்லவர் போல, பதறி வந்த பையனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சிக்கல் ஒன்றுமில்லை தம்பி, இரண்டாயிரம் கட்டுகிறாய், முடிந்தால் இன்னும் ஆயிரத்து ஐநூறு சேர்த்துக் கட்டு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே கூட்டிக் கட்டிவிட்டு வந்தான். ஆக அவனுடைய இன்றைய நிலைமைக்கு நானும் ஒரு காரணம். இதுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

இந்த வைகாசியில்தான் விஷயம் ஆரம்பித்தது. எங்கள் கடை முதலாளி நைனா முகம்மது அண்ணன். எப்போதும் பல்லிடுக்கில் சின்னத் திருப்புளியைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார், அதனால் எல்லா வார்த்தையும் சீறிக்கொண்டு வரும். அன்றைக்கு அதை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, பெரிய சமாச்சாரம். புருனேயில் மச்சான் கூப்பிடுகிறாராம். ஆவணிக்குள் போக வேண்டும். கடைக்கு முன்பணம், உள்ளே இருக்கிற சாமான், மெஷின் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"வெளியாளு லட்சத்துக்குக் கேக்குறான். நா ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுறேன். ஆவணி பத்துக்குள்ள கொண்டாந்துரு, அறிவு. கடை ஒன் பேருல இருக்கணும்னு எனக்கு ஆசை."

என் பேரில் கடை. சார், எனக்கு அதுவரை ஆசை என்றால் ஈரல்தான். முதல் தடவையாகச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் 'அறிவரசன் மொபைல்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் என் படம் சின்னதாக, காதில் போன் வைத்த மாதிரி. இரண்டு நாள் அதை நினைத்தே தூங்கினேன். அப்புறம் நீல நோட்டை எடுத்துக் கூட்டினேன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. கடைக்குப் போக இருபத்திரண்டாயிரத்து ஐநூறு மிச்சம். திருமேனியிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இதை எப்படி எடுப்பாய் என்று கேட்டான். எடுப்பதா, விருந்து வைத்தால் தானாக வரும் என்றேன். நோட்டை மூடிக் கொடுத்தான். அவனுக்கு இதெல்லாம் புரியாது. அவர்கள் குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். இருமினார். கல்யாணம் ஆகாத பையன் தனியாக மொய் விருந்து வைப்பது நம் பக்கம் வழக்கமில்லை என்றார். காலம் மாறிவிட்டது என்றேன். இன்னும் ஒரு மூன்று வருஷம் போகட்டுமே என்றார். கடை போய்விடும் என்றேன். முற்றத்தில் கிடந்த தென்னங்கீற்றை எடுத்து ஈர்க்கு கிழிக்க ஆரம்பித்தார். ஒரு விளக்குமாறுக்கு வேண்டியதை விட நிறையவே கிழித்தார். கடைசியில், "சரி, வையி. எப்பயாச்சும் ஒரு நாளு வச்சுத்தான ஆவணும்" என்றார். பழைய ஆட்கள் அப்படித்தான், புதிதாக எதையும் துணிந்து செய்யமாட்டார்கள். நான் துணிந்தேன்.

தனியாக வைத்தால் செலவு தாங்காது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரே மண்டபம், ஒரே பந்தி, ஆளுக்கொரு மேசை என்று வைப்பார்கள். அதில் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்தேன். என் பங்கு பதினெட்டாயிரம். நைனா அண்ணனிடம் இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிக் கட்டினேன். ஆடி கடைசி ஞாயிறு. என் மேசைக்கு மேலே பேனர், எவர்சில்வர் அண்டா, நோட்டு எழுத ஒரு ஆள், எண்ணிப் போட ஒரு ஆள். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் அவரவர் குரலிலேயே வரவேற்றேன். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குழம்பு வாளியைத் தூக்கிப் பந்தியில் போட ஆரம்பித்துவிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை. இலையை மட்டும் பார்த்துப் போட்டுக்கொண்டே போனார்.

முதல் ஆள் வந்தது. பூமயில் என்று ஒரு அத்தை. சொந்தம் இல்லை, எங்கள் பக்கம் எல்லாரும் அத்தைதான். அவர்கள் வீட்டுக்கு நான் போன ஆடியில் இரண்டாயிரத்து நூறு போட்டிருந்தேன். மஞ்சள் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார், கண்ணாடி போட்டார், விரலை எச்சில் பண்ணி ஒரு பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் என் எழுத்தரிடம் முந்நூறு ரூபாயைக் கொடுத்தார்.

நான் சிரித்துக்கொண்டே அருகில் போனேன். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தை, நான் போட்டது இரண்டாயிரத்து நூறு என்றேன்.

"இல்லன்னு யாரு சொன்னா? இந்தா இருக்குல்ல. வைரக்கண்ணு மகன் அறிவரசன், ரெண்டாயிரத்து நூறு. அதுக்கு மேல வரியப் பாரு. புயலுக்கு மறு வருசம் ஒங்கப்பா விருந்து வச்சப்ப நாங்க போட்டது ஆயிரத்து எண்ணூறு. அத நீ கொண்டாந்து நேர் பண்ணிட்ட. மேல முன்னூறு எங்கிட்ட நின்னுச்சு. அதத்தான் இப்ப குடுக்குறேன். சரியா இருக்கா?"

அது அப்பா கணக்கு, இது என் கணக்கு என்றேன்.

"ஒரே ஒலையில சோறு பொங்குறீங்க. அதுல எங்கேந்து தம்பி ரெண்டு கணக்கு?" என்றார் அத்தை. கோபமே இல்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். "ஒனக்குன்னு ஒரு கல்யாணம் ஆயி, தனியாப் போனீன்னா தனிப் பேரு. அதுவரைக்கும் வைரக்கண்ணு வீடுதான்."

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள் சார். ஆளுக்கொரு நோட்டு. ஆளுக்கொரு பக்கம். வைரக்கண்ணு, வைரக்கண்ணு, வைரக்கண்ணு. ஒருவர் நூற்றைம்பது. ஒருவர் இருநூறு. ஒருவர், மேலே எதுவும் நிற்கவில்லை, சரிக்குச் சரி என்று சொல்லிவிட்டு, பையன் ஆசைப்பட்டு வைத்திருக்கிறான் என்று புதிதாக ஐநூறு எழுதினார். புதிதாக எழுதினால் என்ன அர்த்தம்? நான் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். மைக்கில் எழுத்தர் வாசித்தார். 'புளியங்கரம்பை வைரக்கண்ணு வீட்டிற்கு, பழைய மொய் நேர் போக...' அந்தக் குரலை இப்போது செய்ய முடியவில்லை சார், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு 'நேர்' வாசிக்கும்போதும் பந்தியில் அப்பாவின் தலை ஒரு விரல் அளவு நிமிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் இலையைப் பார்த்தவர், அப்புறம் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்துச் சோறு போட ஆரம்பித்தார். மூன்று மணி சுமாருக்கு ஒருவர், அப்பா வயதுதான், கையைப் பிடித்து இழுத்து, 'வாளியை வைய்யா வைரக்கண்ணு, எத்தனை வருசமாச்சு ஒன்னப் பந்தியில பாத்து, ஒக்காரு' என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்பா உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, முழங்கால் இரண்டையும் மடக்கி. மூன்று முறை சோறு வாங்கினார் சார். என் விருந்து, என் நஷ்டம், என் அண்டா காலியாக இருக்கிறது, அந்த மனிதர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழம்பு காரம் என்று சொன்னார். அன்றைக்குக் குழம்பில் காரமே இல்லை. எல்லாரும் அதைத்தான் குறை சொன்னார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடித்த விஷயம். வந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூறு. அதில் இருபத்தோராயிரத்து ஐநூறு புதிது, அதாவது கடன். பத்தொன்பதாயிரத்து எண்ணூறு என் பணம். விருந்துச் செலவு பதினெட்டாயிரத்தைக் கழியுங்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இரண்டு வருஷச் சேமிப்பு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று. சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அம்மா அன்றைக்கு அடுப்படிக்குப் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பொய் எதுவும் சொல்லலப்பா," என்றார் அப்பா. "தின்ன மாதிரியும் ஆச்சுன்னேன். தின்னியா இல்லியா? சேத்த மாதிரின்னேன். சேத்ததாச் சொல்லல."

நீல நோட்டைத் தூக்கி அவர் முன்னால் போட்டேன்.

"நூத்திருவது மரம் ஒரே ராத்திரியில படுத்துச்சு. போட்டவன் யாரும் பணக்காரன் இல்ல. அவனவன் மரமும்தான் விழுந்துச்சு. ஆனாலும் வந்து போட்டான். அத வச்சுத்தான் கன்னு வச்சேன், ஒன்னையப் பன்னண்டாவது வரைக்கும் படிக்க வச்சேன். கன்னு காய்க்க இன்னும் நாளாவும். வெறுங்கையோட எவன் வீட்டுப் பந்தியில போயி நா ஒக்கார்றது? சொல்லு. ஒங்கிட்ட கேட்டா நீ குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்கமாட்டேன் சார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்காமல் எடுத்துக்கொண்டார். நீங்களே சொல்லுங்கள், புயல் அடித்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? பன்னிரண்டாவதில் நான் வாங்கிய மார்க்குக்கு அவ்வளவு செலவே ஆகியிருக்காது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கிற எல்லார் குரலையும் நான் பிடித்துவிடுவேன் என்று திரிந்தேன். இந்த மனிதர் இரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து, தாராளமான அப்பா குரலில் பேசியிருக்கிறார். ஒரு இடத்தில்கூடப் பிசிறில்லை. நான் கண்டுபிடிக்கவே இல்லை.

கடை என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஆவணி பத்தாம் தேதி காலையில் திருமேனி வங்கிக் கணக்கை முடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றான். எண்பத்தெட்டாயிரமும் சில்லறையும் இருந்தது. குறைந்த ஆயிரத்துச் சொச்சத்தை என்னிடம் கேட்டான். என்னிடம்தான் ஆயிரத்து எண்ணூறு இருந்ததே. கொடுத்தேன். நைனா அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு பணத்தை எண்ணினார். மூன்று நாளில் புருனேக்குப் போய்விட்டார். இப்போது பலகையில் 'திருமேனி செல்போன் சர்வீஸ்' என்று இருக்கிறது. அவனுக்குப் பழுது பார்க்கத் தெரியாது. அதனால் என்னையே வைத்துக்கொண்டான். சம்பளம் பத்தாயிரம், ஆயிரம் கூட. பாருங்கள், விருந்து வைத்ததில் எனக்குச் சம்பளம் ஏறிவிட்டது. அவன் கொடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஒரு தரம் அவனோடு கடற்கரைக்குப் போனேன், சும்மா பார்க்கலாமே என்று. சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை. அவன் ஒரு கடை சேர்த்தான், நான் ஒரு ஊரையே சேர்த்து வைத்திருக்கிறேன். அப்பா கணக்கில் திருப்ப வேண்டியது இன்னும் ஒன்றரை லட்சம் நிற்கிறதாம். மாதம் ஐயாயிரம் என்றால் இரண்டரை வருஷம். எனக்கு இருபத்தொன்றரை வயது ஆகியிருக்கும். அப்புறம் ஒரு கல்யாணம் செய்துகொண்டால் என் பேரில் தனிக் கணக்கு. அதற்கு மேல் போடுவதெல்லாம் சுத்தமான சேமிப்பு. உங்கள் துண்டுத்தாளில் கல்யாணத்துக்கு எந்தத் துண்டு என்று போடவில்லையே?

இன்றைக்கும் விருந்துக்குத்தான் போகிறேன். அடுத்த கைகாட்டியில் இறங்க வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு. அப்பா மனப்பாடமாகச் சொன்னார். அதோ, டிரைவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஊர் வரும்போதும் யாருக்காவது கையசைக்கிறார் பாருங்கள், அவர்தான். ஆடி கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு விருந்தையும் விடுவதில்லை. டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

மெதுவாகச் சிரியுங்கள் சார், திரும்பிவிட்டார். உங்களைத்தான் பார்க்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். வந்துவிட்டார்.

"தம்பிக்குத் தெரிஞ்சவுகளா? எந்த ஊரு உங்களுக்கு? திருச்சியா. சாப்பாட்டு நேரத்துல எங்க போயி அலைவீங்க, நம்மளோட எறங்குங்க. கெடாக்கறி. நம்ம வீட்டு விருந்து மாதிரிதான். ஒரு ஐநூறு எழுதுனாப் போதும், வேண்டாத எடமில்ல. டேய், சார் பைய வாங்கு."

கேட்டீர்களா? சரி, எழுந்திருங்கள் சார், அவர் கூப்பிட்டு வராதவர் யாரும் இல்லை. கறி நன்றாகவே இருக்கும், முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவோம். பையைக் கொடுங்கள். மேசையில் எழுதும்போது ஊரைக் கேட்பார்கள், பேரைக் கேட்பார்கள், சொல்லுங்கள். உங்கள் அப்பா பேரையும் கேட்பார்கள். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.